கோணேசின் இரண்டாவது சொல்

மீன் வியாபாரி முனாப் செருப்போடு வகுப்புக்குள் ஏறி வந்ததை எல்சி ரீச்சர் அதற்கு முன் கண்டதில்லை. மாதா கோவிலுக்குப் பின்னாலிருந்த அந்தப் பழைய மண்டபத்து வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, மகள் றுக்கியாவை இறக்கி விட்டு, உள்ளே எட்டிக்கூடப் பாராமல் போகிற மனிதர் அவர். அன்றைக்கு நேரே வந்து மேசைக்கு முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

“ரீச்சர், ஒங்கட கோணேசச் சல்லிக் கரையில கட்டி வெச்சு அடிக்கிறானுகள். ஒடனே வாங்க.”

சல்லிப் பக்கம் போகிற நிலாவெளி பஸ் போய்விட்டிருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கோவில் கூட்டுகிற திரேசம்மாவைக் கூப்பிட்டாள். முனாப் மீன் பெட்டியை அவிழ்த்துப் படிக்கட்டில் வைத்தார். எல்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மீன் தண்ணீர் ஊறிய அந்தக் கரியரில் ஏறி உட்கார்ந்தாள். பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. கன்னியாஸ்திரி மாதிரி நடந்து திரிகிற எல்சி ரீச்சர், மீன்காரனுடைய சைக்கிளில்.

வழியில் முனாப் மிதித்தபடியே சொன்னார். வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருக்கிற பாக்கியரத்தினம் சம்மாட்டியின் கரைவலை விடியப்புறம் கரையிலிருந்த வாடிக் குடிலோடு சேர்ந்து எரிந்துபோயிற்று. பத்துப் பதினைந்து குடும்பம் இழுத்துத் தின்னுகிற பெரிய வலை. வாடிக்குள் படுத்திருந்த காவல்காரனுக்கு இரண்டு காலும் வெந்துவிட்டது. சனம் ஓடிவந்தபோது கோணேசு தணலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தானாம். கையெல்லாம் கரி. நீயா கொளுத்தினாய் என்று கேட்டார்கள். அவன் ஓம் என்றான்.

இன்னும் கெதியாய் மிதிக்கச் சொன்னாள் எல்சி.

கோணேசு, சல்லியிலிருந்த சின்னப்பிள்ளை என்கிற பெண்ணின் ஒரே பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. வந்தது நாலைந்து சத்தம். கடலைக் கண்டால் அதற்குள் ஓடுவான் என்று, கருவாடு காயப்போடப் போகும்போது சின்னப்பிள்ளை அவனை இடுப்பில் கயிறு போட்டு வீட்டுக் கப்புத் தூணில் கட்டிவிட்டுப் போவாள். ஊர்ப் பிள்ளைகள் வந்து கல்லெறிந்துவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டணத்தில் ஒரு ரீச்சர் படிப்பிக்கிறா என்று மருத்துவிச்சி சொல்லி, தாய்தான் அவனைக் கூட்டிவந்து விட்டாள். அப்போது அவனுக்குப் பத்து வயது.

எல்சி கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரியிடம் கொஞ்சக் காலம் பயிற்சி எடுத்தவள். பிள்ளையை முதலில் சம்மதிக்கப் பழக்கு, சம்மதிக்கிற பிள்ளைக்கு எதையும் படிப்பிக்கலாம் என்பது அங்கே அவள் கற்றது. அதனால் அவளுடைய வகுப்பில் முதல் பாடம் ‘ஓம்.’ நாடியைப் பிடித்து, கண்ணைப் பார்த்துக் கேட்பாள். பிள்ளை ‘ஓம் ரீச்சர்’ என்றால் எள்ளுருண்டையில் ஒரு துண்டு, முதுகில் ஒரு தட்டு. கோணேசுக்கு அந்த ஒரு சொல் வர ஒரு வருசம் பிடித்தது. வந்த பிறகு எல்லாம் வந்தது. சட்டைத் தெறி பூட்டினான், பல் தீட்டினான், தனியே பஸ் ஏறி வந்தான். கல்விக் கந்தோரிலிருந்து பார்க்க வந்த பெரியவர்கள், கைகட்டி இருந்து ஓம் சொல்கிற பிள்ளைகளைக் கண்டு எல்சியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

வளர்ந்து, சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று ஆனதும் தாய்மாமனான சம்மாட்டியும் அவனைப் பிடித்துக்கொண்டார். விடிய வலை இழுத்து, நனைந்த கயிறு சுமந்து, வள்ளத்தில் தண்ணீர் இறைத்துவிட்டுத்தான் அவன் பஸ் ஏறுவான். கூலி சோறு மட்டும். எல்சிக்கு இது தெரியும். பெடியனுக்கு ஒரு தொழில் கிடைத்ததே என்று நினைத்திருந்தாள்.

சல்லிக் கடற்கரையில் கருகிய நூல் நாற்றம் தூரத்திலேயே அடித்தது. சாம்பல் மேட்டுக்கு அப்பால் ஒரு தென்னையைச் சுற்றிச் சனம் நின்றது. கோணேசை மரத்தைக் கட்டிப்பிடித்தமாதிரி வைத்து, கைகளை மறுபக்கம் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முதுகில் முழுத் தோல் என்று ஒரு கையகலம் இல்லை. சம்மாட்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காய்ந்த திருக்கை வாலால் அடித்தார். அந்த வால் முழுக்கச் சுணை முள். ஒவ்வொரு அடிக்கும் அது சதையில் கொளுவியது; இழுத்து எடுத்துத்தான் மறுபடி ஓங்கவேண்டியிருந்தது. சில அடிகள் மரத்தைச் சுற்றிப் போய் நுனியால் முகத்தில் விழுந்தன. சின்னப்பிள்ளை மணலில் குப்புறக் கிடந்தாள். அவளுடைய கைகளின்மேல் இரண்டு பெண்கள் ஏறி இருந்தார்கள்.

எல்சி சனத்தைத் தள்ளிக்கொண்டு போய் மரத்துக்கும் சம்மாட்டிக்கும் நடுவில் நின்றாள். ஓங்கின கை நிற்கவில்லை. வால் அவளுடைய முன்னங்கையைச் சுற்றி, தோலையும் சேலைத் தலைப்பையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போயிற்று. பொம்பிளைக்கு அடி விழுந்ததைக் கண்டு சனம் கொஞ்சம் அடங்கியது.

“தள்ளி நில்லுங்கோ ரீச்சர். நான் ஒண்டும் இட்டுக்கட்டேல்ல. அவனே சொன்னவன்,” என்றார் சம்மாட்டி. பிறகு மரத்தடிக்குப் போய், அவனுடைய தலைமயிரைப் பிடித்து முகத்தைத் திருப்பினார். “வலையைக் கொளுத்தினது நீதானே?”

“ஓம்,” என்றான் கோணேசு.

இடது கண் இருந்த இடத்தில் ஒரு சிவந்த வீக்கம் மட்டும் இருந்தது. அதிலிருந்து தண்ணீரும் இரத்தமும் கலந்து வடிந்தது. எல்சி அவனுக்குக் கிட்டப் போனாள். என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைச் செய்யத்தான் வாய் வரவில்லை. ஆனாலும் நாடியைப் பிடித்து, மிச்சமிருந்த கண்ணைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“கோணேசு, நேற்று நீ கப்பல் ஏறிச் சீமைக்குப் போனனியோ?”

“ஓம் ரீச்சர்.”

“துறைமுகத்தில நிண்ட கப்பலெல்லாத்தையும் தாட்டது நீயோ?”

“ஓம் ரீச்சர்.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

“என்னைச் சாக்காட்டினது நீயோ?”

“ஓம் ரீச்சர்.”

இப்போது பலர் சிரித்தார்கள். எல்லாரும் சிரிப்பதைக் கண்டு கோணேசும் சிரித்தான், பல்லெல்லாம் இரத்தம். பிறகு, கட்டியிருந்த கைகளோடு முதுகை அவள் பக்கம் கொஞ்சம் சரித்தான். எதற்கென்று எல்சிக்குத் தெரிந்தது. சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு தட்டு உண்டு. தட்டுவதற்கு அந்த முதுகில் இடம் இருக்கவில்லை.

சம்மாட்டி திருக்கை வாலை மணலில் போட்டுவிட்டு நடந்தார். முனாப் மீன் வெட்டுகிற கத்தியால் கயிற்றை அறுத்தார். ஐஸ் ஏற்றிவந்த லொறியொன்றை மறித்து, பெட்டிகளுக்கு நடுவில் அவனைக் கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அதே வாட்டில்தான் காவல்காரனும் கிடந்தான். காலில் மருந்து கட்டுகிற வேதனைக்குள், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் சின்னப்பிள்ளையிடம் உண்மையைச் சொன்னான். நித்திரைக் கலக்கத்தில் அவனே குப்பி விளக்கைத் தட்டிவிட்டிருந்தான். பொலிசுக்குப் போவோம் என்று எல்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சின்னப்பிள்ளை மாட்டேன் என்றுவிட்டாள். அந்த ஊரில்தானே இருக்கவேண்டும், அண்ணன்தானே என்றாள். சம்மாட்டி ஒரு கட்டுக் கருவாடு கொடுத்தனுப்பினார். அவள் அதை வாங்கிச் சமைத்தாள்.

அதற்குப் பிறகு எல்சிக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. கோணேசின் வாயில் அந்தச் சொல்லை வைத்தது தான்தான் என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுக்கிறதுக்கும் ஒரு சொல் படிப்பிக்கவேண்டும் என்று தொடங்கினாள். ஒரு கரண்டி சீனியையும் ஒரு கரண்டி உப்பையும் முன்னால் வைத்தாள். உப்பை நீட்டி, வேணுமோ என்று கேட்டாள். அவன் ஓம் என்று வாயைத் திறந்து தின்றான். முகம் கோணியது. மறுபடி நீட்டினாள். மறுபடி ஓம். நாலாம் தரம் அவன் மேசையிலேயே சத்தியெடுத்தான். எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தபடி இருந்தான். எல்சி கரண்டியை யன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டுக் குசினிப் பக்கம் போய் நின்று அழுதாள்.

மாதங்கள் போயின. அவன் மறுபடி வலைக்கும் போனான்; வகுப்புக்கும் வந்தான். அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சுவரில் எறிந்த மண்போல விழுந்தது.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள். சைக்கிளில் போன கதை அதற்குள் மாதா கோவில் சுவாமியின் காது வரைக்கும் போய், அவர் அன்று காலையில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். ஓடு ஒழுகியது. றுக்கியா மைப்போத்தலைக் கவிழ்த்து, அந்த வகுப்புக்கென்று இருந்த ஒரேயொரு படப் புத்தகத்தில் கையைத் தேய்த்து வைத்தாள். எட்டு வயதுப் பிள்ளை. தடித்த நாக்கும் சின்னக் கண்ணுமாய், எதைக் கண்டாலும் சந்தோசப்படுகிற பிள்ளை. நீலக் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். எல்சி மர அடிமட்டத்தை எடுத்தாள். முதல் அடி கையில் விழுந்தது. இரண்டாவது முதுகில். அதற்குப் பிறகு எங்கே விழுகிறது என்று அவள் பார்க்கவில்லை. பிள்ளை மேசைக்குக் கீழே புகுந்தது. அவளும் குனிந்து அடித்தாள். காது கிழிந்து இரத்தம் கழுத்தில் இறங்கியதைக் கண்டும் கை நிற்கவில்லை.

நிறுத்தியது கோணேசு. பின்னாலிருந்து வந்து அவளுடைய மணிக்கட்டை அடிமட்டத்தோடு சேர்த்துப் பிடித்தான். வலைக்கயிறு இழுத்து இழுத்துக் காய்த்த கை.

“இல்லை,” என்றான்.

அவள் கையை இழுத்தாள். அவன் இன்னும் இறுக்கினான்.

“இல்லை. இல்லை, ரீச்சர்.”

மணிக்கட்டுக்குள் ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அடிமட்டம் விழுந்தது. அவன் கையை விட்டுவிட்டு, மேசைக்குக் கீழே போய் றுக்கியாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டான். வலியில் எல்சிக்குக் கண் இருண்டது. நிலத்தில் குந்தி அவனைப் பார்த்தாள். உப்புக்குச் சொல்லாத சொல்லை, அடித்துக் கொல்ல வந்தபோது சொல்லாத சொல்லை, அவன் இன்னொரு பிள்ளைக்காகச் சொல்லியிருந்தான். அதுவும் அவளைப் பார்த்து.

முனாப் வந்ததும் அவள் எதையும் மறைக்கவில்லை. நான் அடித்தேன், கோணேசுதான் காப்பாற்றினான் என்றாள். அவர் மகளுடைய காதைப் பார்த்தார். அவளைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்றுதான் எல்சி நினைத்தாள். கையில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு வகுப்பு நடத்திய ஒரு காலையில் சைக்கிள் மணி கேட்டது.

“புள்ள ஒங்களத்தான் கேக்குது,” என்றார் முனாப். “இன்னொருக்கா கை வெச்சீங்கண்டா நான் சும்மா இருக்க மாட்டன் ரீச்சர்.”

அன்றோடு அந்த மண்டபத்தில் அடிமட்டம் கோடு போடுவதற்கு மட்டும் ஆயிற்று.

கோணேசுக்கு ஒருமுறை வந்த சொல் பிறகு ஊற்றெடுத்தது. பாலுக்கு இல்லை என்றான். குளிக்க இல்லை என்றான். பஸ்ஸில் எழும்பி இடம் விடச் சொன்ன கொண்டக்டருக்கும் இல்லை என்றான். சின்னப்பிள்ளை வந்து முறைப்பட்டாள். தண்ணி அள்ளிவா என்றால் முன்னம் அள்ளுவான், இப்போது யோசிக்கிறான் என்றாள். எல்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பு சின்னப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவன் வகுப்புக்கு வராத நாட்கள் சேர்ந்தன. எல்சி பஸ் ஏறிச் சல்லிக்குப் போனாள். வீட்டு வாசலில் கால் வைத்ததும் சின்னப்பிள்ளை எழும்பி வந்து அவளுடைய கன்னத்தில் அறைந்தாள்.

“நீங்கதானே படிப்பிச்சனீங்கள்,” என்றாள்.

உள்ளே கோணேசு பாயில் சுருண்டிருந்தான். மண்டையில் கட்டியிருந்த துணி இரத்தத்தில் ஊறியிருந்தது. நடந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. காய்ச்சலோடு கிடந்தவனை வலைக்கு வா என்று சம்மாட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கரையில் வைத்து அவன் இல்லை என்றான். சம்மாட்டி துடுப்பால் தலையில் அடித்தார். அவன் இல்லை என்று இன்னொருக்காச் சொன்னான். இரண்டாவது அடி விழுவதற்கு முன் துடுப்பைப் பிடுங்கி, ஓங்கி ஒரே அடி. சம்மாட்டியின் தோள்பட்டை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிடிக்க வந்தவர்களில் ஒருவனுக்குப் பல் போயிற்று. பிறகு அவன் துடுப்பைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து பாயில் படுத்துக்கொண்டான்.

 கன்னம் எரிந்தது. அறைந்தது சரி என்றே எல்சிக்குப் பட்டது. அந்தச் சொல்லைப் படிப்பித்தவள், அதற்குப் பதிலாக விழப்போகிற அடியைப் பற்றி யோசித்திருக்கவேண்டும்.

அப்போதுதான் வேலிக்கு வெளியே சத்தம் கேட்டது. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், கையில் துடுப்பு, பொல்லு. நடுவில் இருவர் தாங்கிப் பிடிக்கச் சம்மாட்டி வந்தார். முகம் சாம்பல் நிறம். தோளில் சுற்றியிருந்த துவாய் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவனை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றார். யாரோ எறிந்த கல் கதவு நிலையில் பட்டுத் தெறித்து எல்சியின் புருவத்தை வெட்டியது. இன்னொரு கல் பாயில் விழுந்தது. கோணேசு இரண்டு கையாலும் மிச்சக் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

சின்னப்பிள்ளை அதைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய், மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். குள்ளமான மனிசி. அண்ணனுக்கு முன்னால் தலைச்சீலையை இழுத்துவிடாமல் அவள் நின்றதை ஊர் அதுவரை கண்டதில்லை.

முன்னால் வந்தவன் அவளைத் தள்ளிவிட்டு நுழையப் பார்த்தான். அவள் கத்தியை வீசினாள். அவனுடைய உள்ளங்கை பிளந்து, இரத்தம் வாசல் மணலில் கொட்டியது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணனை மட்டும் பார்த்தாள்.

“என்ர பிள்ளையின்ர கண்ணை எடுத்தாய், நான் கேக்கேல்ல. உன்ர கருவாட்டைத் திண்டனான். பிழை செய்யாதவனுக்கு அடிச்சதுக்கு நீ ஒரு சொல்லுச் சொன்னியோ அண்ணை? இப்ப அவன் ஏலாதெண்டு சொன்னவன். காய்ச்சல்காரன் ஏலாதெண்டு சொன்னா ஏலாதுதான். இனி உள்ள வாறதெண்டா என்னை வெட்டிப்போட்டு வா.”

சம்மாட்டி வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய கால் மடிந்தது. எலும்பு வெளியே நிற்க அவ்வளவு தூரம் நடந்து வந்த மனிதர் தங்கையின் வாசலில் மயங்கி விழுந்தார். ஆட்களுக்கு அவரைத் தூக்குவதா உள்ளே போவதா என்று தெரியவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் வேலியைத் தாண்டும் வரைக்கும் சின்னப்பிள்ளை கத்தியை இறக்கவில்லை. பிறகு இறக்க முடியவில்லை, விரல்கள் விறைத்துவிட்டன. எல்சி ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கத்தியை எடுத்தாள்.

பொலிஸ் வந்தது. சார்ஜண்ட் இரண்டு பக்கத்துக் காயங்களையும் பார்த்தார், கோணேசின் கண்குழியைப் பார்த்தார், வழக்கென்று போனால் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று சம்மாட்டியிடம் கேட்டுவிட்டுப் போனார். ஊர் சின்னப்பிள்ளையோடு கதைப்பதை நிறுத்தியது. கிணற்றில் அவள் வாளி விட்டால் மற்றப் பெண்கள் விலகிப் போனார்கள். சில வாரங்களில் அவள் பானை சட்டியைக் கட்டிக்கொண்டு மகனோடு நிலாவெளிக்குப் போய்விட்டாள். அங்கே தனக்குத் தெரிந்த ஒரு வலைக்காரரிடம் முனாப்தான் சொல்லிவிட்டார். பெடியன் நல்லா இழுப்பான், ஆனால் கேட்டு வேலை வாங்கவேணும், கை வைத்தால் பிறகு என்னிடம் வரக்கூடாது என்று சொன்னாராம்.

பட்டணத்திலும் கதை பரவியது. எல்சி ரீச்சர் விசர்ப் பிள்ளைகளுக்கு அடிபாடு பழக்குகிறா என்று சொன்னார்கள். தாய்மார் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுவாமி கீழ்ப்படிதலைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தார். பிறகு பாடகர் குழுவுக்கு மண்டபம் தேவைப்படுகிறது என்றார். மிஞ்சியது றுக்கியாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும். எல்சி தன் வீட்டு முன் அறையில் கதிரைகளை ஒதுக்கிப் பாய் போட்டாள். புதிய இடத்தில் பாடங்கள் மெதுவாகத்தான் போயின. பிள்ளை மாட்டேன் என்றால் அங்கேயே நிறுத்தி, ஏன் என்று கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. சில நாட்களில் ஒரு தெறிகூடப் பூட்டப்படாமல் பொழுது போனது. மணிக்கட்டு மழைக்காலத்தில் குத்தியது.

அடுத்த சித்திரை விடுமுறையில் அவள் நிலாவெளிக்குப் போனாள். சின்னப்பிள்ளை கடற்கரையில் நெத்தலி காயவைத்துக்கொண்டிருந்தாள். கண்டதும் சாக்கை விரித்து இருக்கச் சொன்னாள். கன்னத்தில் அறைந்ததைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. தூரத்தில் கரைவலை இழுபட்டுக்கொண்டிருந்தது. கயிற்று வரிசையில் நடுவில் கோணேசு, வெயிலில் கறுத்து, பழைய தொப்பியொன்றை ஒரு பக்கமாகச் சரித்து இல்லாத கண்ணுக்கு மேல் இறக்கியிருந்தான். கூப்பிடட்டோ என்று சின்னப்பிள்ளை கேட்டாள். வேலை முடியட்டும் என்றாள் எல்சி.

அவன் அவளைக் கண்டுவிட்டான். ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்து உயர்த்தி ஆட்டினான். கயிறு தளர்ந்தது. பின்னால் நின்ற நரைத்த மனிதன் எங்கடா பார்க்கிறாய் என்று ஏசினான். கோணேசு திரும்பினான். கடற்கரையில் ஆம்பிளைகள் மட்டும் சொல்லுகிற கெட்ட வார்த்தை ஒன்றை, எழுத்துப் பிசகாமல், முழுசாக அந்த மனிதனுக்குச் சொன்னான். வரிசை முழுக்கச் சிரித்தது, ஏசியவனும் சிரித்தான். கோணேசு மறுபடி கயிற்றைப் பிடித்துக் காலை மணலில் ஊன்றினான்.

சின்னப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். இதைப் படிப்பித்தது தான் இல்லை என்று எல்சி சொன்னாள். இரண்டு பேரும் நெத்தலிக்கு நடுவில் இருந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்கள். வலையின் மடி இன்னும் கடலுக்குள் தூரத்தில் கிடந்தது. அது கரைக்கு வரும் வரைக்கும் எல்சி காத்திருந்தாள்.